காயலான் கடைச் சாமானில் ஒரு பாய்ப்படகு

இங்கிலாந்தின் ஏரிகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் சிவப்புப் பாய் கட்டிய குட்டிப் படகு ஒன்று தென்பட்டால் அது பெரும்பாலும் மிரர் படகாகத்தான் இருக்கும். நீளம் 3.3 மீட்டர். முன்பக்கம் கூராக இருக்காது, தட்டையாக முடிந்துவிடும். பாய், பாய்மரம் எல்லாம் கழற்றிய வெறும் உடல் 45 கிலோ சொச்சம். இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரைமேல் வைத்துக் கட்டிவிடலாம். என்னிடம் இருப்பது என்னைவிட வயதில் மூத்தது. பழைய மிரர் படகுகள் இங்கே சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கின்றன. கொட்டகை காலியானால் போதும் என்று சும்மாவே கொடுத்துவிடுபவர்களும் உண்டு.

செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. பந்தயப் படகுகளுக்காகச் செய்யப்படும் நல்ல கப்பி ஒன்றே இருபது, முப்பது பவுண்டு ஆகிவிடும். கப்பிகள், கயிறு கட்டும் கிளீட்டுகள், இணைப்பு வளையங்களான ஷேக்கிள்கள், கால்பட்டைகள், சுக்கான் பிடியின் நீட்டுக்கோல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் படகின் விலையைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் நல்ல படகைத் தோட்டத்து மூலையில் கவிழ்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நாமே செய்துகொள்ளக்கூடியவை. அதுவும் வீட்டில் தூக்கி எறியும் பொருள்களிலிருந்து.

மிரர் படகு பிறந்ததே இப்படிக் குறைந்த செலவில் நாமே செய்துகொள்வதற்காகத்தான். 1960களின் தொடக்கத்தில் சாதாரணச் சம்பளக்காரரும் ஒரு பாய்ப்படகு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் லண்டனின் டெய்லி மிரர் நாளிதழ் இதற்குப் பின்னால் நின்றது. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். வடிவமைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிறு படகுகள் வரைவதில் அன்றைக்கே பேர்பெற்றிருந்த ஜாக் ஹோல்ட். மற்றவர் பாரி பக்னெல். வீட்டு வேலைகளை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் பிரிட்டன் முழுவதற்கும் செய்து காட்டிக்கொண்டிருந்தவர். 1963 லண்டன் படகுக் கண்காட்சியில் இது மக்கள் பார்வைக்கு வந்தது. பலகைகளும் பசையும் பாயும் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடு ஒன்றைத் தைத்து, உள்ளே மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ஒட்டிப் பிசின் தடவினால் படகு. அச்சு வேண்டாம், மரத்தை ஆவியில் வளைக்க வேண்டாம், ஆசாரியிடம் தொழில் கற்றிருக்க வேண்டாம். நம் சோழமண்டலக் கரையில் ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்வந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்தத் தையல் முறை அந்நியமாகத் தோன்றாது. இன்றுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. பல வீட்டுக் கார் கொட்டகைகளில், சில வரவேற்பறைகளிலேயேகூட உருவானவை. ஒரு குடும்பம் ரம்பமும் அரமும் வைத்துக்கொண்டு கட்டிய படகை இன்னொரு குடும்பம் அதே ரம்பத்தாலும் அரத்தாலும் காப்பாற்ற முடியும். என் நம்பிக்கை அதுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிடக் கூடாது. எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி: தண்ணீரின் நடுவில் இது கைவிட்டால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிட முடியுமா? முடியும் என்றால் செய்து பார்க்கலாம். முடியாது என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். மிரர் படகு இந்த விஷயத்தில் நமக்கு நிறைய இடம் கொடுக்கிறது. இரு பக்கமும் முன்னும் பின்னும் மூடிய காற்றறைகள் இருப்பதால் கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். துடுப்புப் போடுவதற்கும் வசதி உண்டு. ஒரு கிளீட் பெயர்ந்து வந்துவிட்டால் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கப்பி உடைந்தால் கயிற்றை நேரே கட்டிக்கொள்ளலாம். இப்படிச் சமாளிக்கக்கூடிய பாகங்களே படகில் அதிகம்.

கிளீட்டிலிருந்து தொடங்கலாம். நடுவில் அடியும் இரண்டு பக்கமும் நீண்ட கொம்புமாக இருக்கும் அந்தக் கட்டை. பாயை ஏற்றிய கயிற்றை இதில்தான் எட்டுப் போலச் சுற்றிக் கட்டுவோம். நம் கடற்கரையில் அந்தக் கயிற்றை ஆஞ்சான் என்பார்கள். நான் கிளீட் செய்வது ஐரோக்கோ மரத்தில். ஆப்பிரிக்க மரம், தேக்கைப் போலவே தண்ணீரைத் தாங்கும். இதைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இங்கே பழைய பள்ளிக்கூடங்களின் அறிவியல் ஆய்வக மேசைகளுக்கு மேல்பலகை ஐரோக்கோவிலும் தேக்கிலும் போட்டிருந்தார்கள். பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது அந்தப் பலகைகள் பழைய கட்டடச் சாமான் விற்கும் இடங்களுக்கு வந்துவிடுகின்றன. மேலே மாணவர்கள் கீறிய பெயர்களும் அமிலக் கறையும் இருக்கும். இழைத்தால் உள்ளே பொன்னிறத்தில் கெட்டியான மரம். ஒரு கைப்பிடித் துண்டு போதும், படகுக்கு வேண்டிய கிளீட் எல்லாவற்றையும் அதிலேயே எடுத்துவிடலாம். ஐரோக்கோத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. முகக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள்.

அளவுக்கு மாலுமிகள் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: கயிற்றின் தடிமனில் ஒவ்வொரு பதினாறில் ஒரு அங்குலத்துக்கும் கிளீட்டின் நீளம் ஒரு அங்குலம். 6 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கிளீட். மரத்தின் ரேகை கொம்புகளின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கயிறு இறுகும்போது கொம்பு சட்டென்று முறிந்துவிடும். கட்டை சதுரமாக இருக்கும்போதே போல்ட் துளைகள் இரண்டையும் போட்டுவிடுவது நல்லது. வடிவம் வந்த பிறகு நேராகத் துளையிடுவது கஷ்டம். கொம்பும் அடியும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு பெரிய துளை போட்டு, கட்டையின் முனையிலிருந்து அந்தத் துளை வரை ரம்பத்தால் அறுத்து எடுத்தால் உள்வளைவு தானாக வந்துவிடும். மீதி வேலை அரமும் உப்புத்தாளும்தான். கொம்பின் அடிப்பக்கத்தை விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். விரலுக்குச் சொரசொரப்பாகப் பட்டால் கயிற்றையும் அது தின்னும். பொறுமையாகச் செய்தாலும் ஒரு மாலைக்குள் ஒரு ஜோடி முடிந்துவிடும். மேலே வார்னிஷ் அடித்துப் படகில் பொருத்தி, அதில் முதல்முறையாக ஆஞ்சானைச் சுற்றிக் கட்டும்போது கிடைக்கும் நிறைவைக் கடையில் வாங்கிய எந்தப் பிளாஸ்டிக் கிளீட்டும் எனக்குத் தந்ததில்லை.

கிளீட்டைச் செய்வதைவிட அதைப் படகில் பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய பிளைவுட் படகுகள் சாவது பெரும்பாலும் போல்ட் துளைகளின் வழியாகத்தான். துளையின் உள்விளிம்பில் மரத்தின் நார் வெறுமையாக நிற்கிறது. அங்கே தண்ணீர் போய்த் தங்கினால் சுற்றியுள்ள மரம் மெல்ல மெல்ல மக்கும். கடல்நீரைவிட மழைநீர் இதில் மோசம். உப்பில் வளராத பூஞ்சை நன்னீரில் செழித்து வளரும். அதனால் போல்டை நேரடியாக மரத்தில் இறக்காமல் இருப்பதே நல்லது. 5 மில்லிமீட்டர் போல்டுக்கு 10 அல்லது 12 மில்லிமீட்டரில் பெரிய துளை போடுங்கள். உள்விளிம்பில் எபாக்சி பிசினைத் தூரிகையால் தடவி, மரம் குடிக்கிற அளவுக்குக் குடிக்க விடுங்கள். பின்பக்கம் பார்சல் டேப் ஒட்டி அடைத்துவிட்டு, அதே பிசினில் மென்மையான மரத்தூளைக் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவந்து துளையை நிரப்புங்கள். நன்றாக இறுகிய பிறகு அதன் நடுவில் 5 மில்லிமீட்டர் துளை போட்டுப் போல்டைச் செருகுங்கள். இனி போல்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தாலும் அது தொடுவது பிசினை மட்டுமே, மரத்தை அல்ல.

எபாக்சியில் இரண்டு விஷயம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கண்டுவிட்டால் ஆயுளுக்கும் விடாது. இறுகிய பிறகு மேலே மெழுகு போன்ற ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் வார்னிஷ் ஒட்டாது. வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால் வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம். வீட்டில் செய்யும் வேலைகளில் இந்த ஒன்றுக்குத்தான் நான் பணம் பார்ப்பதில்லை. மலிவான மரத்தையும் பல ஆண்டு நிற்கவைப்பது இந்தப் பிசின்தான்.

அடுத்து, சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் வெள்ளைக் காய் நறுக்கும் பலகை. அது பாலிஎத்திலீன். தண்ணீர் குடிக்காது, உப்பு ஒன்றும் செய்யாது, வழுக்கும், மர ரம்பத்திலேயே அறுபடும். சுக்கானின் அலகு ஏறி இறங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வைக்கும் வாஷர்கள், கயிறு உரசும் இடத்துக்கு அட்டை, கப்பியின் உள்ளே சுழலும் சக்கரம், கிளீட்டுக்கு அடியில் உயரம் கூட்டும் துண்டு, இத்தனையும் ஒரே பலகையில் எடுக்கலாம். வட்டமாக வெட்டும் ரம்பத்தை டிரில்லில் மாட்டினால் சக்கரம் நடுத்துளையோடு சேர்ந்தே வெளியே வரும். அதன் விளிம்பில் கயிறு ஓடக் குழி வேண்டுமே? சக்கரத்தின் துளையில் ஒரு போல்டைப் போட்டு இறுக்கி, போல்டை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உருண்டை அரத்தை விளிம்பில் வைத்துப் பிடித்தால் குழி விழுந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். இந்தப் பிளாஸ்டிக்கின் குறை, சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. எபாக்சிகூட உரிந்து வந்துவிடும். திருகாணியோ போல்டோ போட்டுத்தான் பொருத்த வேண்டும். சில ஆண்டு வெயிலில் மேற்புறம் சுண்ணாம்பாக உதிரத் தொடங்கும்போது மாற்றிவிடலாம். அதே பலகையில் இன்னும் மிச்சம் இருக்கும்.

கால்பட்டை இன்னும் யோசித்துச் செய்ய வேண்டியது. காற்று பலமாக அடிக்கும்போது படகு சாயும். அதை நிமிர்த்த, விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்ப்போம். அப்போது பாதங்களைப் பிடித்துக்கொள்வது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பட்டைதான். அது அறுந்தால் ஆள் பின்பக்கமாகத் தண்ணீரில் விழுவார், படகு அவரை விட்டுவிட்டுப் போய்விடலாம். ஆகவே என் கேள்வியின்படி இது வாங்க வேண்டிய பொருள். ஆனாலும் நான் வாங்கவில்லை, காரணம் கார் சீட் பெல்ட். ஐரோப்பிய விதிப்படி அந்தப் பட்டை சுமார் ஒன்றரை டன் இழுவைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். பாலியெஸ்டர் என்பதால் தண்ணீரில் ஊறி நீளாது. காலுக்கு அகலமாகவும் மெத்தென்றும் இருக்கும். பழைய கார்களை உடைக்கும் காயலான் கடையில் ஒன்றிரண்டு பவுண்டுக்கு வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். விபத்தில் மாட்டாத, பின்னிருக்கைப் பெல்ட்டாகப் பார்த்துக் கேளுங்கள். அது அதிகம் இழுபட்டிருக்காது, வெயிலும் குறைவாகவே பட்டிருக்கும்.

பட்டை எவ்வளவு பலமானாலும் அதைக் கட்டும் இடம் பலமாக இல்லாவிட்டால் பயனில்லை. பட்டையில் கத்திரியால் துளை வெட்டினால் இழைகள் அறுந்து அங்கிருந்தே பிரியும். பழுக்கக் காய்ச்சிய ஆணியை இடுக்கியால் பிடித்துக் குத்துங்கள். இழைகள் உருகி விளிம்பு ஒட்டிக்கொள்ளும். முனையை இரண்டாக மடித்து, மடிப்பின் வழியாகத் துளையிட்டு, மேலே அகலமான வாஷர், கீழே அகலமான வாஷர் வைத்து, படகின் மரத்தை ஊடுருவிப் போகும் போல்டால் முடுக்குங்கள். திருகாணியை நம்பாதீர்கள். என் மகளுக்குப் படகில் வெளியே சாய்வதென்றால் உயிர். அவள் பாதத்தை அந்தப் பட்டைக்கு அடியில் நுழைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு போல்டுகளைப் பற்றி நான் நிம்மதியாக இருக்கிறேன்.

கயிற்று விஷயத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த பெரிய மாற்றம் டைனீமா. பாலிஎத்திலீனையே நீண்ட மூலக்கூறுகளாக இழுத்துச் செய்த இழை. எடைக்கு எடை எஃகைவிடப் பலமானது, தண்ணீரில் மிதக்கும். 3 மில்லிமீட்டர் கயிறே தயாரிப்பைப் பொறுத்து முக்கால் டன்னுக்கு மேல் தாங்கும். மிரர் படகின் பாயைக் கட்டுப்படுத்தும் தாமான் கயிற்றில் வரும் இழுவை அதன் ஒரு சிறு பங்குதான். மீட்டருக்குச் சில பவுண்டு என்பது விலை அதிகமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மீட்டரில் ஒன்றிரண்டு இரும்பு ஷேக்கிள்களுக்குப் பதிலாகக் கயிற்று ஷேக்கிள்கள் செய்துவிடலாம். ஒரு முனையில் திறந்து மூடும் கண், மறு முனையில் சுண்டைக்காய் அளவு வைர முடிச்சு. முடிச்சைக் கண்ணுக்குள் நுழைத்து இழுத்தால் கண் இறுகி முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். திருகி விழுந்து காணாமல் போவதற்கு அதில் திருகாணியே கிடையாது. பாய்க்கம்பு தலையில் இடித்தாலும் இரும்புத் துண்டு நெற்றியைப் பிளக்காது.

டைனீமாவில் சாதாரண முடிச்சுப் போட்டால் வழுக்கும், பலமும் பாதியாகக் குறையும். அதனால் கயிற்றின் முனையை அதே கயிற்றின் உள்ளே நுழைத்துப் புதைக்க வேண்டும். கயிறு உள்ளே கூடாக இருப்பதால் இது எளிது. எவ்வளவு நீளம் புதைக்க வேண்டும்? கயிற்றின் தடிமனைப் போல 72 மடங்கு. 3 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். நுழையும் முனையிலிருந்து இழைகளைப் படிப்படியாகக் கத்தரித்து ஒல்லியாக்குங்கள், இல்லாவிட்டால் அது முடியும் இடத்தில் கயிறு திடீரென்று ஒடுங்கி அங்கேயே பலம் குறையும். கடைசியில் ஊசி நூலால் நாலு தையல் போட்டுவிட்டால் தளர்வாக இருக்கும்போதும் நழுவி வெளியே வராது. இதற்கென்று விற்கும் கருவி வேண்டாம். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்தால் போதும். சூட்டுக்கு மட்டும் இது ஆகாது. சுமார் 150 டிகிரியில் உருகிவிடும். முனையை நெருப்பில் காட்டாமல் நூல் சுற்றிக் கட்டுங்கள்.

மிரர் படகின் பாய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. பாய்மரம் குட்டையாக இருக்கும். அதன்மேல் பருமல் என்ற கழி ஒன்றைக் கயிற்றால் ஏற்றினால் அது கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நின்று உயரத்தைக் கூட்டும். இறக்கிவிட்டால் எல்லாக் கழிகளும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பருமலின் அடியில் பாய்மரத்தைக் கவ்வும் கவை ஒன்று இருக்கிறது. உரசி உரசி முதலில் தேயும் இடம் அதுதான். பழைய தோல் பெல்ட் அல்லது கைப்பையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஊறவைத்து, கவையின் உட்புறம் மெழுகு நூலால் தைத்துவிட்டுக் கொழுப்புத் தடவினால் ஓசையில்லாமல் ஏறும். கவை விலகாமல் மரத்தைச் சுற்றிக் கட்டும் கயிற்றில் மணிகள் கோத்தால் இன்னும் சுலபம். டாக்சி ஓட்டுபவர்கள் இருக்கையில் விரிக்கும் மரமணி விரிப்பு அறுந்து கிடந்தால் எடுத்துவையுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வார்னிஷில் முக்கி எடுத்தால் நன்றாக உருளும்.

சுக்கான் பிடியின் நீட்டுக்கோலுக்குத் தோட்டக் கடையின் மூங்கில் போதும். வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் நூலை நெருக்கமாகச் சுற்றி எபாக்சி தடவுங்கள். பிடியோடு இணைக்கும் மூட்டு எந்தத் திசையிலும் மடங்க வேண்டும். கடையில் அதற்கென்றே ஒரு ரப்பர் மூட்டு விற்கிறார்கள். கெட்டியான ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் குறுக்குப் போல்ட் போட்டு இணைத்தாலும் அதே வேலையைச் செய்யும். உடைந்தால் பிடியையே நேராகப் பிடித்து ஓட்டலாம் என்பதால் கவலை இல்லை. பழைய கோல்ஃப் மட்டையின் தண்டும் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இறைக்க, கைப்பிடி உள்ள சலவைத் திரவக் குடுவையைச் சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு வளைந்து கொடுப்பதால் படகின் அடியை ஒட்டி வழிக்கும். மூடியைக் கழற்றாமல் விடுங்கள், படகோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். சைக்கிளின் பழைய உள்டியூபைக் குறுக்கே வெட்டினால் வலுவான ரப்பர் வளையங்கள். படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகை பாதியில் நிற்கவும் துடுப்புகள் உருளாமல் கிடக்கவும் அவை உதவும். காற்றின் திசை காட்ட, பழைய ஒலிநாடா கேசட்டிலிருந்து ஒரு சாண் நாடாவைப் பாய்மரத்தின் பக்கக் கம்பியில் கட்டுங்கள். கம்பளி நூல் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், இது நனைந்தாலும் பறக்கும். ஒட்டு வேலைக்கு நிறைய கிளாம்ப் வேண்டுமென்றால் 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாயை வளையங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு விடுங்கள். விரித்து மாட்டினால் கவ்விக்கொள்ளும்.

பாய் கிழிந்தால் உடனே புதுப்பாய் வாங்கப் போகாதீர்கள். பெரும்பாலும் துணி நன்றாகவே இருக்கும். வெயிலில் முதலில் இற்றுப்போவது தையல் நூல். தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் உதிர்ந்தால் அதை மட்டும் மறுபடி தைக்க வேண்டும். இந்த அளவுப் படகின் பாய்த்துணி மெல்லியது, வீட்டுத் தையல் இயந்திரமே தாங்கும். பாலியெஸ்டர் நூல், கொஞ்சம் தடித்த ஊசி, வளைந்து வளைந்து போகும் தையல். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும்.

இனி வாங்க வேண்டியவை. பாய்மரத்தை இரண்டு பக்கமும் முன்னாலும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், அவை படகோடு சேரும் உலோகத் தகடுகள், சுக்கானைப் படகில் தொங்கவிடும் கொண்டிகள், உடம்பில் அணியும் மிதவை அங்கி. இவற்றில் எதையும் வீட்டில் செய்யாதீர்கள், பழையதை வாங்கவும் செய்யாதீர்கள். கம்பி ஒன்று அறுந்தால் பாய்மரம் ஆள்மேல் விழும். துருப்பிடிக்காத எஃகு வெளியே பளபளவென்று இருந்துகொண்டே, காற்றுப் புகாத ஈர இடுக்கில் உள்ளே அரித்துப் போகும் தன்மை கொண்டது. கம்பி முனையைக் கவ்வும் குழாயின் வாயில் ஒரே ஒரு இழை முறிந்து விரலைக் குத்தினாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட், நட்டு, வாஷர் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஹார்டுவேர் கடையின் துத்தநாக முலாம் போட்ட போல்ட் உப்புநீரில் ஒரு பருவம் தாங்குவதே கஷ்டம். ஏ4 என்று தலையில் அச்சிட்ட துருப்பிடிக்காத எஃகைக் கேட்டு வாங்குங்கள். மாலிப்டினம் சேர்த்தது, ஏ2-வைவிட உப்பைத் தாங்கும். அலுமினியத்தின்மேல் அந்த எஃகை நேரடியாக வைத்தால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப் பொடியாகும். இடையில் நறுக்குப் பலகைத் துண்டிலிருந்து மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் தீர்ந்தது. ஓக் மரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும், அதையும் கவனியுங்கள்.

பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் இதில் சிலவற்றுக்கு மிரர் வகுப்புப் படகுகளுக்கான பந்தய விதிகள் இடம் கொடுக்காது. அளவெடுப்பவர் கண்ணில் பட்டால் கழற்றச் சொல்வார். எனக்குப் பந்தயத்தில் ஆசை இல்லை. ஒரு மிரர் படகில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து கால்வாய்களும் ஆறுகளும் வழியாகக் கருங்கடல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறார் ஏ.ஜே. மக்கின்னன், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். ஊர்சுற்ற இந்தப் படகு போதும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பழைய மிரர் ஒன்றை வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளீட் இல்லை, கப்பி உடைந்திருக்கிறது, பாயில் தையல் விட்டிருக்கிறது என்பதற்காக ஒரு படகை ஒதுக்காதீர்கள். அவை எல்லாம் சில மாலை நேர வேலை. போகும்போது ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துப் போங்கள். பாய்மரம் ஊன்றும் இடம், நடுப்பலகை இறங்கும் பெட்டியின் அடி, பின்பலகையின் கீழ் மூலைகள், இந்த மூன்று இடத்திலும் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு மெல்லக் குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் வாங்கிவிடுங்கள். பல இடங்களில் மரம் பஞ்சாகி முனை உள்ளே போனால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.